நிறுத்திய பக்கம்

பள்ளி திறந்த மூன்றாம் நாள்

அன்புள்ள குருவிக்கு,

இங்கே அனைவரும் நலம். நீ நலமாக இருப்பதை உன் கடிதங்களின் நீளமே சொல்லிவிடுகிறது. நீ மாற்றலாகிப் போய் இரண்டு வருடம் ஆகிறது. இதற்குள் நீ எட்டுக் கடிதம் எழுதிவிட்டாய், நான் இதோடு நான்கு. எண்ணாமல் இருக்க முடியவில்லை. விடுதி அறையில் உன் சீப்பில் இருந்த முடியைக்கூட எண்ணிச் சொல்லி உன்னிடம் அடி வாங்கியவள் நான்.

உன் கடைசிக் கடிதத்தை எனக்கு முன்பே என் வீட்டுக்காரர் பிரித்துவிட்டார். நாளுக்கு இரண்டு தடவை வரும் உங்கள் ஊர்ப் பேருந்தில் ஆட்டுக்குட்டிக்கும் அரை டிக்கெட் கேட்ட நடத்துநர் கதையைப் படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எழுதினா இப்படி எழுதணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் நான் எழுதிய எதையும் படித்து அவர் சிரித்ததில்லை. நான் அவருக்கு எழுதியது பெரும்பாலும் மளிகைப் பட்டியல்தான் என்பதால் சண்டை போடவும் வழியில்லை.

செய்திக்கு வருகிறேன். பெரியவர் இந்தக் கல்வியாண்டோடு ஓய்வு பெறுகிறார். அவருடைய தலைமையாசிரியர் இடத்துக்கு வெளியாள் போடுவதில்லையாம். இந்தப் பள்ளியில் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களில் ஒருவரை நிர்வாகக் குழு தேர்ந்தெடுக்குமாம். இப்போது இங்கே அப்படி இருப்பது நான் ஒருத்திதான். எனக்கு அந்த நாற்காலி வேண்டும், குருவி. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? நாற்பத்தொன்பது வயதாகிறது. தங்கப் பதக்கம் பீரோவில் கறுத்துக் கிடக்கிறது. ஒரு கதவிலாவது என் பதவி பலகையில் எழுதித் தொங்க வேண்டும்.

முன் வாசல் வகுப்புக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்திருக்கிறாள். முதல் நாளே, ஐந்தாம் வகுப்பு இரண்டையும் ஏன் முன் வாசல், பின் வாசல் என்று கூப்பிடுகிறீர்கள், எல்லாப் பள்ளியிலும் அ பிரிவு ஆ பிரிவு என்றுதானே இருக்கும் என்று கேட்டாள். லாரி ஒரு பிள்ளையைத் தட்டிய வருடத்திலிருந்து வந்த வழக்கம் என்று சொன்னேன். எந்த வாசல் வழியாக வீட்டுக்குப் போகிறார்களோ அதுவே பிரிவு. மணி அடித்ததும் அந்தந்த டீச்சர் வகுப்பையே வரிசையாகக் கூட்டிப்போய்ச் சாலை தாண்டிவிடலாம். சொல்லும்போது நல்ல ஏற்பாடாகத்தான் தோன்றியது. முன் வாசலுக்கு எதிரே அரசு ஊழியர் குடியிருப்பு, நூலகம், இரண்டு மருத்துவர் வீடு. பின் வாசலுக்கு எதிரே கிடங்குகளும், மூட்டை தூக்குகிறவர்களும் சாக்குத் தைக்கிறவர்களும் வேலை இருக்கும்வரை குடியிருக்கும் தகர வரிசைகளும். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பதினொரு வருடம் அந்த வரிசையை நடத்திப் போனவள் நீ.

பெரியவர் அறைச் சுவரில் நான் வரைந்த வரைபடம் அப்படியே இருக்கிறது. நீலக் கோடு என் முன் வாசல், சிவப்பு உன் பின் வாசல். பதினொரு வருடமும் நீலம் எண்பதை ஒட்டி, சிவப்பு ஐம்பதைத் தொடவே இல்லை. அந்த வரைபடத்தால்தான் உனக்கு மாற்றல் வந்ததாக யாரோ சொன்னார்கள் என்று எழுதியிருந்தாய். உத்தரவில் 'நிர்வாக நலன் கருதி' என்றுதான் இருந்தது. நான் எண்களை வரைந்தேன், உண்டாக்கவில்லை.

உனக்குப் பிறகு பின் வாசலை எடுத்த பெண் பேறுகால விடுப்பில் போய்விட்டாள். பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "உங்க கை பட்டா அந்தப் பக்கமும் ஏறிடும்மா. அப்புறம் குழு முன்னாடி யாரும் வாயே திறக்க முடியாது" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். உன்னைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. உனக்கு மனசு பெரிது, பாடத் திட்டத்தில்தான் பிடிப்புப் போதாது. அந்தக் கோட்டை ஒரே வருடத்தில் ஏற்றிக் காட்டுகிறேன், பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
நீ வைத்த பெயரை இன்னும் சுமக்கும்
மேதை


எழுபதாவது வேலை நாள்

அன்புள்ள குருவிக்கு,

உன் கடிதம் வந்தது. முதல் வாரம் பாடமே எடுக்காதே, பிள்ளைகளோடு சும்மா பேசிக்கொண்டிரு என்று யோசனை சொல்லியிருந்தாய். நான் கேட்டிருந்ததாக நினைவில்லை. உன் கடிதம் வருவதற்கு முன்பே மூன்று பாடம் முடித்துவிட்டேன்.

வருகைப் பதிவேடு பார்க்கச் சகிக்கவில்லை. முப்பத்து நான்கு பெயரோடு தொடங்கினேன். ஒன்பது பெயரைச் சிவப்பு மையால் அடித்தாயிற்று, பதின்மூன்று பெயர் அடியில் சேர்ந்தாயிற்று. இன்றைக்கு முப்பத்தெட்டு. அதில் பதினான்கு பேர் வீட்டில் வேறு மொழி பேசுகிறார்கள். வகுத்தல் சொல்லிக்கொடுத்து நிமிர்ந்தால், பெருக்கலே தெரியாத ஒரு புது முகம் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. பழகிய முகம் எங்கே என்று கேட்டால், "அவங்க நேத்தே காலி பண்ணிட்டாங்க டீச்சர்" என்று பக்கத்தில் இருப்பவள் சொல்கிறாள், ஏதோ பேனா மை தீர்ந்துபோனதைச் சொல்வது போல. முன் வாசலில் இத்தனை வருடத்தில் நான் அடித்த பெயர்கள் ஏழு.

எங்கே திரும்பினாலும் நீ. சாக்குத் தைக்கிற ஒரு அம்மா பிள்ளையைச் சேர்க்க வந்து, என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "குருவி டீச்சர் இல்லையாம்மா? என் பெரியவ அவங்ககிட்டதான் படிச்சா" என்றாள். இல்லை என்றேன். "அப்ப நீங்க பாத்துப்பீங்களா?" என்று கேட்டாள். எம்.எஸ்சி. புள்ளியியல், பல்கலைக்கழகத்தில் முதலிடம். நான் பார்த்துக்கொள்வேனா என்று கேட்கிறாள். குருவி என்பது விடுதியில் நான் உனக்கு வைத்த பெயர். ஒரு நாள் தாழ்வாரத்தில் வாய் தவறிக் கூப்பிட்டதைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். இப்போது அந்தப் பெயரை என்னிடமே வந்து கேட்கிறார்கள்.

பின் வாசல் காவலாளி உன் குடையை இன்னும் கூண்டுக்குள் மாட்டி வைத்திருக்கிறார். போன வாரம் கொட்டுகிற மழையில் வரிசையை நடத்திப் போக அதைக் கேட்டேன். "அது டீச்சரோடதும்மா" என்றார். அப்படியானால் நான் யார் என்று கேட்டேன். பதிலுக்குத் தன் குடையைக் கொடுத்தார். அதில் இரண்டு கம்பி ஒடிந்திருந்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும். உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் கிடங்கு வேலைக்கு இங்கே வந்திருக்கிறது. அவர்களுடைய பெண் என் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். எதைக் கேட்டாலும் ஆமாம் என்பதால் பிள்ளைகள் அவளுக்கு 'ஆமாம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். புத்தகப் பைக்குள் ஒரு சீட்டு குண்டூசியால் குத்தியிருந்தது. பிரிப்பதற்கு முன்பே கையெழுத்து தெரிந்துவிட்டது. நீ 'ல' போடும்போது வால் அடுத்த எழுத்தைத் தொடும். "இவளை இனிமேல் பார்த்துக்கொள்ளப் போகும் டீச்சருக்கு வணக்கம். நான்காம் வகுப்புப் புத்தகத்தில் அறுபத்து மூன்றாம் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறோம். வாய்ப்பாடு எட்டு வரை. புரிந்ததா என்று கேட்டால் ஆமாம் என்பாள், நம்பிவிடாதீர்கள். புரியாதபோது இடது கையால் சட்டைப் பொத்தானைத் திருகுவாள்." யார் கையில் கிடைக்கும் என்று தெரியாமலே எழுதியிருக்கிறாய். என் கையில் கிடைத்தது. மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவரவருக்கு அவரவர் முறை. என் வகுப்பில் எல்லோரும் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்துதான்.

உன் அடுத்த கடிதத்தை எனக்கே என்று மேலே எழுதி அனுப்பு. வீட்டில் முதலில் படிப்பது யார் என்று போட்டியாக இருக்கிறது.

அன்புடன்,
மேதை


அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரம்

அன்புள்ள குருவிக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன். திருத்த வேண்டிய தாள்கள் நிறைய இருந்தன.

நீயும் தலைமையாசிரியர் இடத்துக்கு விண்ணப்பித்திருப்பதாக எழுத்தர் சொன்னார். பதினொரு வருடம் இங்கே இருந்ததால் உனக்கும் உரிமை உண்டா என்று விதியை எடுத்துப் படித்தேன். உண்டு. மற்றபடி எழுத்தர் அதை என்னிடம் சொல்லும்போது நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன், தொடர்ந்து குடித்தேன். நாலு பக்கத்துக்கு ஆட்டுக்குட்டியும் பேருந்தும் எழுத முடிந்த உனக்கு, இதற்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

பரிசீலனையில் இருப்பது நாம் இருவர் மட்டும்தானாம். குழு நம் இருவருடைய வகுப்புச் சராசரியையும் பதினொரு வருடத்துக்குக் கேட்டிருக்கிறது. பெரியவர், "நீங்கதானேம்மா அழகா வரைவீங்க" என்று என்னிடமே கொடுத்தார். பழைய வரைபடத்தைப் புதுத் தாளில் வரைந்து போன திங்கட்கிழமை கொடுத்துவிட்டேன். சிவப்புப் பேனா தீர்ந்துபோயிருந்தது, புதிது வாங்கினேன். எந்த எண்ணையும் மாற்றவில்லை.

நீ கேட்பாய் என்பதால் என் வகுப்பின் அரையாண்டுச் சராசரியைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்து மூன்று. அந்த ஆமாம் பெண் பன்னிரண்டு வாங்கியிருக்கிறாள்.

வெற்றி உனக்கும் ஆகட்டும் என்று எழுதுவது மரியாதை. எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் தோழி


ஒன்பதாம் தேதி

அன்புள்ள குருவிக்கு,

இந்தக் கடிதம் தனியாக வரவில்லை. கூடவே ஒரு பொட்டலம் பதிவுத் தபாலில் வருகிறது. கையெழுத்துப் போட்டு வாங்கு. திறப்பதற்கு முன் இதைப் படித்து முடி.

வரைபடம் வரைவதற்காகப் பழைய மதிப்பெண் பதிவேடுகளைத் தேடிப் பின் வாசல் வகுப்பின் அலமாரியைத் திறந்தேன். கீழ்த் தட்டில் சணலால் கட்டிய பதினொரு நோட்டுகள் இருந்தன. உன் நோட்டுகள். நீ எடுத்துப்போக மறந்தாயா, அடுத்த டீச்சருக்கு ஆகும் என்று விட்டுப்போனாயா, தெரியவில்லை. உன்னை அறிந்தவரை இரண்டாவதுதான். அடுத்த டீச்சர் திறந்து பார்க்கவில்லை. மூன்றாவதாக வந்தவள் திறந்தாள். போன கடிதத்தை நான் எழுதியபோது அந்த நோட்டுகள் என் மேசைமேல்தான் இருந்தன. அவற்றின் மேல் தாளை வைத்துத்தான் எழுதினேன்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி. வந்த நாள், போன நாள், முதல் வாரச் சோதனை மதிப்பெண், ஆண்டிறுதி மதிப்பெண். கடைசிக் கட்டத்துக்கு 'நிறுத்திய பக்கம்' என்று தலைப்பு. முந்தைய பள்ளியில் நிறுத்திய பக்கம் ஒன்று, உன்னிடமிருந்து போகும்போது நிறுத்திய பக்கம் ஒன்று. பதினொரு வருடத்தில் ஐந்நூற்றுக்கு மேல் வரிகள். போனவர்கள் எல்லோருக்கும் ஒரு சீட்டு குத்தி அனுப்பியிருக்கிறாய், 'சீட்டு கொடுத்தாயிற்று' என்று சிறிதாகக் குறித்திருக்கிறாய். சோம்பேறி என்று விடுதியே சிரித்த பெண் நீ. உன் துணியை நான் துவைத்துப் போட்டிருக்கிறேன்.

முதல் வாரச் சோதனையை நானும் என் வகுப்புக்கு வைத்தவள்தான், பதிவேடும் வைத்திருக்கிறேன். யாரும் கேட்காததால் மேலே அனுப்பியதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டினேன். என் பிள்ளைகள் வரும்போது சராசரி எழுபத்தொன்று, போகும்போது எண்பது. உன்னிடம் முழு வருடமும் உட்கார்ந்த பிள்ளைகள் வரும்போது இருபத்தொன்று, போகும்போது ஐம்பத்தொன்பது. முழு வருடமும் உட்கார்ந்தவர்கள் வகுப்பில் பாதிக்கும் குறைவு. மீதிப் பேர் தேர்வுக்கு ஒரு மாதம், இரண்டு மாதம் முன்னால் வந்து எழுதியவர்கள். நான் சிவப்பில் போட்ட சராசரி, நீ அப்போதுதான் பெயர் கேட்டுத் தெரிந்துகொண்ட பிள்ளைகளின் சராசரி.

மூன்று தடவை கூட்டினேன். எங்காவது தப்பு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கூட்டியது இதுதான் முதல் தடவை. பிறகு எனக்கு நானே வாதாடினேன். இருபதில் இருப்பவர் ஏறுவது சுலபம், எழுபதில் இருப்பவர் எங்கே ஏறுவது என்று. நல்ல வாதம்தான். ஆனால் அதே வாசல், அதே தகர வரிசை, அதே மாதிரிப் பிள்ளைகளோடு நான் அரை வருடம் இருந்துவிட்டேனே. என் அரையாண்டுச் சராசரி முப்பத்து மூன்று. பழைய மதிப்பெண் பதிவேடுகளின்படி உன் பதினொரு அரையாண்டுகளின் சராசரி நாற்பத்தொன்று. ஒரு வருடம்கூட நீ முப்பத்தெட்டுக்குக் கீழே போனதில்லை. அந்த முப்பத்து மூன்றுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு வாதாட ஒன்றும் இல்லை.

உனக்கு நினைவிருக்கிறதா, எனக்குப் பதக்கம் வாங்கித் தந்த கடைசித் தாள்? இரண்டு மருத்துவமனைகளில் ஒன்றில் அதிகம் பேர் இறக்கிறார்கள், எது மோசமான மருத்துவமனை என்று ஒரு கேள்வி. இறந்தவர்களை எண்ணுவதற்கு முன், எந்த நோயாளியை எங்கே அனுப்பினார்கள் என்று கேள் என்று நான்கு பக்கம் எழுதினேன். பேராசிரியர் வகுப்பில் வாசித்துக் காட்டினார். உனக்கு அன்றைக்கு அதைச் சொன்னபோது, "இதுக்கு எதுக்குடி நாலு பக்கம்? எங்க வீட்டு வேலைக்காரம்மாகூட சொல்லிடுவாங்களே" என்றாய். மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. அந்த நான்கு பக்கத்தை எழுதியவள்தான், வாசல் வழியாகப் பிரிந்து வந்த பிள்ளைகளை இரண்டு டீச்சர்களின் மதிப்பாக நீலத்திலும் சிவப்பிலும் பதினொரு வருடம் வரைந்திருக்கிறேன். ஒரு தடவைகூடத் தோன்றவில்லை என்று எழுதத்தான் ஆசை. இரண்டு மூன்று தடவை தோன்றியது. நீலம் அழகாக இருந்தது.

ஆமாம் பெண்ணைப் பற்றி. நோட்டுகளைப் படித்த மறுநாள் இழுப்பறையிலிருந்து உன் சீட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். பின்னம் நடத்திவிட்டு, புரிந்ததா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். அவள் இடது கையைப் பார்த்தேன். சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தானே இல்லை. அறுந்த இடத்தில் நூல் தொங்கியது, அதைத் திருகிக்கொண்டிருந்தாள். என் வகுப்பில் நான்கு மாதம் உட்கார்ந்திருக்கிறாள், குருவி. பொத்தான் எந்த மாதம் அறுந்தது என்று எனக்குத் தெரியாது.

பழைய புத்தகத்தை எடுத்து வரச் சொன்னேன். எங்கே நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். தேடாமல் திறந்தாள். அறுபத்து மூன்று. ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு, உன்னுடையது. அங்கிருந்து தொடங்கினோம். தினம் மதிய உணவுக்குப் பிறகு பதினைந்து நிமிடம். இன்றைக்கு எண்பத்தெட்டாம் பக்கம். போன வியாழக்கிழமை புரிந்ததா என்று கேட்டதற்கு அவள், "இல்ல டீச்சர்" என்றாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. நான் நல்லது என்று சொல்லி மறுபடி விளக்கினேன். அவ்வளவுதான், அதற்குப் பிறகு முப்பத்தெட்டுப் பேரும் இல்ல, இல்ல என்று ஆரம்பித்துவிட்டார்கள். புரிந்தவர்களுக்கும் புரியவில்லை. அன்றைக்குப் பாடம் நகரவே இல்லை. பக்கத்து வகுப்பு டீச்சர் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தாள்.

இப்போது பொட்டலத்துக்கு வருகிறேன். அதில் உன் பதினொரு நோட்டும், என் முதல் வாரப் பதிவேடும், நான் இரண்டையும் சேர்த்து வரைந்த புது வரைபடமும் இருக்கின்றன. இதில் கோடுகள் வேறு மாதிரிப் போகின்றன. அடியில் தயாரித்தவள் என்று என் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், தேதியோடு. குழுவிடம் நானே கொடுக்கப் போனேன். எழுத்தர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது உங்களுக்கே எதிரா இருக்கேம்மா" என்றார். பிறகு, ஒருவருடைய ஆவணத்தை இன்னொருவர் தர முடியாது, விண்ணப்பித்தவர்தான் தர வேண்டும் என்றார். கடைசி நாள் இருபதாம் தேதி, மாலை ஐந்து மணி. தபாலுக்கு நான்கு நாள் வைத்துக்கொண்டாலும் உனக்கு நேரம் இருக்கிறது.

நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. என் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கவில்லை, வாங்கவும் மாட்டேன். அந்த நாற்காலி இன்னும் எனக்கு வேண்டும். நீ அதில் உட்கார்ந்தால் நீ அறைக்குள் வரும்போதெல்லாம் நான் எழுந்து நிற்க வேண்டியிருக்கும். நேற்று வீட்டில் யாரும் இல்லாதபோது ஒரு தடவை எழுந்து நின்று பார்த்தேன். முழங்காலை விட வேறெங்கோ வலிக்கிறது. உன் கையெழுத்தின் மேல், நீ சொன்னால் சிரிக்கிற என் வீட்டுக்காரரின் மேல், கூண்டில் தொங்கும் அந்தக் குடையின் மேல்கூட எனக்கு எரிச்சல் இருக்கிறது. எண்கள் தெரிந்த பிறகு அது கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. முன்பாவது நீ பாவம் என்று நினைத்துக்கொள்ள முடிந்தது.

அதனால்தான் கேட்கிறேன். வந்த அன்றைக்கே அனுப்பிவிடு. பெருந்தன்மை காட்டுகிறேன் என்று உன் வழக்கப்படி சிரித்துவிட்டு மூலையில் வைத்துவிடாதே. மேதை ஆசைப்பட்டாள், அவளுக்கே போகட்டும் என்று விட்டுக்கொடுத்துவிடாதே, அதை மட்டும் என்னால் தாங்க முடியாது. நான் எதற்கும் நகல் எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைத்தால் அதில் தப்புத் தேடிக்கொண்டே இருப்பேன் என்று எனக்குத் தெரியும். பழைய வரைபடம் குழுவிடம் இருக்கிறது. புதியது உன்னிடம் மட்டும்தான்.

ஒருவேளை நீ வருவதாக இருந்தால் முன் வாசல் வழியாக வராதே. அங்கே மாலை, வரவேற்பு என்று பெரியவர் ஏதாவது செய்துகொண்டிருப்பார். பின் வாசல் வழியாக வா. மணி அடித்த பிறகு வந்தால் வரிசை சாலையோரம் நிற்கும், அதன் முனையில் நான் நிற்பேன். காவலாளியிடம் உன் குடை இருக்கிறது. வரிசையில் ஒரு பெண் நூறாவது பக்கத்தையாவது தாண்டியிருப்பாள். எங்கே நிறுத்தினோம் என்று அவளைக் கேள், சொல்வாள். என்னைக் கேட்காதே.

நன்றாக இரு.

உன்
மேதை